ரூபாயை நிறுத்துப் பார்த்த அறிஞர்

சங்கரன்கோவிலின் நெசவாளர் தெருக்களிலே ஒரு முறை நடந்து பாருங்கள், தோழர்களே! விடியலிலே உங்களை வரவேற்பதும் தறியின் ஓசை. இரவிலே வழியனுப்பி வைப்பதும் தறியின் ஓசை. விசைத்தறி போடும் அந்தத் தாளத்துக்கு ஓய்வில்லை; அதை ஓட்டுகிற உழைப்பாளிக்கும் ஓய்வில்லை. ஊரார் உடுத்தச் சேலையும் துண்டும் நெய்து குவிக்கும் அந்தக் கைகளுக்கு உரிய கூலி என்ன என்ற கேள்வி எழுகிறது. பேச்சு நடக்கிறது. பேச்சு முறிகிறது. தறி நிற்கிறது. மீண்டும் பேச்சு, ஒப்பந்தம், கையெழுத்து. ஒப்பந்தத்தின் ஆயுள் முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து தொடக்கம். தறித் தொழிலாளியின் வாழ்வு இப்படித்தான் சுற்றிச் சுற்றி வருகிறது.

அந்தத் தெருமுனைத் தேநீர்க் கடைகளிலே நாம் அமர்ந்திருக்கிறோம். தோழர்கள் தொடுக்கும் கேள்விக் கணைகளையும் ஏற்றிருக்கிறோம். அவற்றிலே இரண்டு நம் நெஞ்சை விட்டு நீங்காதவை. நோட்டு அடிக்கும் எந்திரம் சர்க்காரின் கையிலேதானே இருக்கிறது, கூடுதலாக அடித்து ஏழைக்குக் கொடுத்தால் என்ன குடிமுழுகிப் போகும் என்பது ஒன்று. கூலி உயர்ந்திருக்கிறதே, ஆனாலும் சந்தையிலிருந்து வீடு திரும்பும் பையின் கனம் ஏன் குறைகிறது என்பது மற்றொன்று.

கேள்விகள் இரண்டு, விடை ஒன்றுதான். நாட்டிலே புழங்கும் பணம் எவ்வளவு, நாட்டிலே விளைந்து நெய்து வடித்து விற்கப்படும் பொருள் எவ்வளவு, இந்த இரண்டுக்கும் உள்ள பொருத்தம் என்ன? விடை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. இது பொருளாதாரப் பண்டிதர்களின் பாடம், பாட்டாளிக்கு இதிலே என்ன வேலை என்று சிலர் முகத்தைச் சுளிக்கலாம். அவர்களுக்கு நாம் ஒருவருடைய வரலாற்றைப் பதிலாகத் தருகிறோம். பள்ளியிலே மற்றப் பிள்ளைகளோடு அமர இடமின்றிக் கோணிச் சாக்கைச் சுமந்து சென்று அதன்மேல் அமர்ந்து படித்த ஒரு சிறுவன், சீமைக்கே சென்று, ரூபாயைத் தராசிலே வைத்து நிறுத்து, அதன் பித்தலாட்டத்தை ஊரறிய உரைத்தான். அந்தச் சிறுவனைத்தான் உலகம் பின்னாளில் டாக்டர் அம்பேத்கர் என்று அழைத்தது.

அண்ணலை நாம் அறிவோம். அரசியல் சட்டம் வகுத்த மேதையாக அறிவோம். சாதிக் கோட்டையைத் தகர்க்கக் கிளம்பிய தளபதியாக அறிவோம். சாதியை ஒழிப்பது பற்றி அவர் எழுதிய உரையைப் பெரியார் தமிழிலே வெளியிட்டதையும் அறிவோம். ஆனால், அவர் முதலிலே கற்றதும், கற்றுத் தெளிந்து பட்டம் பெற்றதும் பொருளாதாரத்திலே என்பதை நம்மிலே எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

1891 ஏப்ரல் 14-ஆம் நாள், மத்திய இந்தியாவின் மோவ் என்ற பட்டாள ஊரிலே பிறந்தார் பீமராவ். தந்தை ராம்ஜி, படையிலே சுபேதார். பெற்றோருக்குப் பதினான்காவது பிள்ளை. பிறந்த குலமோ மகார் குலம். அந்நாளைய சமுதாயம் தீண்டத்தகாதது என்று தள்ளி வைத்த குலம். சாதாராவிலே பள்ளிக்குச் சென்றபோது, தாகம் எடுத்தால் தானே குழாயைத் திறந்து குடிக்க உரிமை இல்லை. பள்ளிச் சேவகன் வந்து ஊற்றினால் உண்டு. வராவிட்டால் வறண்ட நாவோடு வீடு திரும்ப வேண்டும். தண்ணீரைக் கூட அளந்து, தள்ளி நின்று ஊற்றிய சமுதாயம் அது!

அத்தனை இடர்களையும் தாண்டி, 1907-இலே மெட்ரிகுலேஷன் தேறினார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியிலே பொருளாதாரமும் அரசியலும் படித்துப் பட்டம் பெற்றார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் உதவித்தொகை அளித்தார். 1913-இலே, 22 வயது இளைஞராக, நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக் கழகத்திலே காலடி வைத்தார். செலிக்மன் என்ற பேராசிரியரிடம் பொதுநிதியைப் பற்றிப் பாடம் கேட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி எப்படி வரி வசூலித்தது, எப்படிச் செலவிட்டது என்று ஆராய்ந்து 1915-இலே எம்.ஏ. பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு லண்டன் பொருளாதாரப் பள்ளியிலே சேர்ந்தார்.

படிப்பு முடியும் முன்பே உதவித்தொகையின் காலம் முடிந்தது. 1917-இலே தாயகம் திரும்ப நேர்ந்தது. உலகப் போர் மூண்டிருந்த காலம். அவர் வாங்கிச் சேர்த்த புத்தகங்களை ஏற்றி வந்த கப்பலை ஜெர்மானியர் கடலிலே மூழ்கடித்தனர். பரோடாவிலே வேலை கிடைத்தது. தங்க வீடு கிடைக்கவில்லை! அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்தவர் மேசைக்கு, எட்ட நின்று காகிதக் கட்டுகளை வீசினர் சேவகர்கள். ஒரு பார்சி விடுதியிலே தங்கினார். சாதி தெரிந்ததும் தடியோடு வந்து விரட்டினர். பின்னர் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியிலே பேராசிரியராக அமர்ந்தார். அங்கேயும் பேராசிரியர்களுக்கான பானையிலே அவர் தண்ணீர் எடுப்பதற்கு எதிர்ப்பு! சிறுவனாக இருந்தபோது மறுக்கப்பட்ட தண்ணீர், பேராசிரியரான பிறகும் மறுக்கப்பட்டது.

அவர் சோர்ந்தாரா? இல்லை. சம்பளத்திலே மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகராஜ் உதவினார். நண்பர் ஒருவர் கடன் தந்தார். 1920-இலே மறுபடியும் லண்டன் புறப்பட்டார். காலையிலே நூல் நிலையம் திறக்கும்போது நுழைந்து, மாலையிலே அது மூடும்போது வெளியேறினார். அரை வயிற்று உணவு. முழு நேரப் படிப்பு. அந்தப் பட்டினியிலே பிறந்ததுதான் ரூபாயின் பிரச்சினை என்ற ஆராய்ச்சி நூல். தேர்வாளர்கள் முதலிலே திருத்தி எழுதச் சொல்லித் திருப்பினர். திருத்தி எழுதிக் கொடுத்தார். 1923-இலே டி.எஸ்சி. பட்டம் கிடைத்தது, அதே ஆண்டிலே நூலும் லண்டனிலே அச்சேறியது.

அந்த நூலிலே அப்படி என்னதான் சொன்னார்? அதைச் சொல்வதற்கு முன், நம்மூர்ச் சந்தைக்கு ஒரு நடை சென்று வருவோம்.

சங்கரன்கோவில் பூச்சந்தைக்குச் செல்லுங்கள். முகூர்த்த நாள் நெருங்கினால் மல்லிகையின் விலை ஏறுகிறது. முகூர்த்தம் முடிந்தால் இறங்குகிறது. இது ரூபாயின் குற்றமா? அன்று, பூவுக்கு அன்று தேவை மிகுதி, அவ்வளவுதான். ஆனால் மல்லிகையும் ஏறி, மிளகாயும் ஏறி, அரிசியும் ஏறி, நூலும் ஏறி, வீட்டு வாடகையும் ஏறி, ஏறியது எதுவும் இறங்காமலே நின்றுவிட்டால்? அப்போது பொருளைப் பார்க்காதீர்கள், தோழர்களே, ரூபாயைப் பாருங்கள்! ஒரு பொருள் விலை ஏறினால் அது அந்தப் பொருளின் கதை. எல்லாப் பொருளும் சேர்ந்து ஏறினால் அது ரூபாயின் கதை. பொருள் உயரவில்லை, பணம் தாழ்ந்திருக்கிறது.

ஏன் தாழ்கிறது? ஒரு சிற்றூரை எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே விற்பனைக்கு வருவது 100 துண்டுகள். ஊராரிடம் உள்ள பணம் 100 ரூபாய். துண்டு ஒன்று ஒரு ரூபாய்க்குப் போகும். மறுநாள் வானத்திலிருந்து மேலும் 100 ரூபாய் விழுகிறது. துண்டுகளோ அதே 100. என்ன நடக்கும்? ஊர் செல்வம் கொழிக்குமா? கொழிக்காது. துண்டின் விலை 2 ரூபாயாகும். மாறாக, பணம் கூடியபோதே தறிகளும் கூடி 200 துண்டுகள் வந்தால்? விலை ஏற வேண்டியதில்லை, ஊரும் வளரும். ஆகவே பணம் பெருகுவதே பாவம் அன்று. பொருள் பெருகாமல் பணம் மட்டும் பெருகுவதுதான் ஆபத்து. நோட்டு அடித்துக் கொடுத்தால் என்ன என்ற முதல் கேள்விக்கு இதுதான் விடை.

அம்பேத்கர் இந்த உண்மையை எடுத்துக்கொண்டு, வெள்ளையர் ஆட்சியின் நாணய வரலாற்றைத் துருவினார். 1835-இலே இந்தியா முழுவதற்கும் ஒரே வெள்ளி ரூபாயைச் சட்டமாக்கியது கம்பெனி ஆட்சி. 180 கிரெய்ன் எடை. அதிலே 165 கிரெய்ன் தூய வெள்ளி. யார் வெள்ளி கொண்டுவந்தாலும் நாணயச் சாலையிலே ரூபாயாக அடித்துக்கொள்ளலாம். 1870-களிலே உலகச் சந்தையில் வெள்ளி மலிந்தது. அதோடு சேர்ந்து ரூபாயும் சரிந்தது. ஏறத்தாழ 2 ஷில்லிங் பெற்ற ரூபாய், 20 ஆண்டுகளிலே 1 ஷில்லிங் 2 பென்சு அளவுக்கு இறங்கியது.

ரூபாய் சரிந்தபோது அழுதவர் உண்டு. ஆனந்தக் கூத்தாடியவரும் உண்டு. ஏற்றுமதி வணிகரும் ஆலை முதலாளிகளும் கூத்தாடினர். சீமையிலே சரக்கை விற்றால் அதே பவுனுக்கு முன்னைவிட அதிக ரூபாய் கிடைத்தது. நாடே முன்னேறுகிறது, ஏற்றுமதி பெருகுகிறது என்று எக்காளமிட்டனர். அந்த எக்காளத்தினிடையே ஓர் எளிய கேள்வியை எழுப்பினார் அம்பேத்கர்: இந்த லாபம் எங்கிருந்து வருகிறது? மண்ணிலிருந்து முளைக்கவில்லை, விண்ணிலிருந்து விழவும் இல்லை. பணத்தின் மதிப்பு குறையும்போது பொருள் விலை விரைந்து ஏறுகிறது; கூலியோ நொண்டி நொண்டிப் பின்னால் வருகிறது. அந்த இடைவெளிதான் முதலாளியின் லாபம்! தொழிலாளியின் தட்டிலே குறைந்த கவளம்தான் முதலாளியின் பெட்டியிலே கூடிய காசு. நாட்டுக்கு வந்த ஆதாயம் அன்று அது. நாட்டுக்குள்ளேயே ஒரு வர்க்கத்திடமிருந்து மற்றொரு வர்க்கத்துக்குக் கைமாறிய பணம்!

இந்த ஒரு கருத்துக்காகவே அந்த நூலைப் பாட்டாளி தலைமேல் வைத்துக் கொண்டாடலாம். நாணயம் பற்றி எழுதியவர்கள் அதற்கு முன்னரும் பலர். பவுனுக்கு என்ன ஆகும், வங்கிக்கு என்ன ஆகும், சர்க்காரின் கஜானாவுக்கு என்ன ஆகும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். கூலிக்காரனுக்கு என்ன ஆகும் என்று கேட்டவர், கோணிச் சாக்கிலே அமர்ந்து படித்தவர்!

1893-இலே சர்க்கார் நாணயச் சாலைகளைப் பொதுமக்களுக்கு மூடியது. இனி வெள்ளி கொண்டுவந்து யாரும் ரூபாய் அடிக்க முடியாது. ஆனால் சர்க்கார் மட்டும் அடிக்கலாம்! பின்னர், ரூபாயை இங்கிலாந்தின் பவுனோடு 1 ஷில்லிங் 4 பென்சு என்ற கணக்கிலே பிணைத்துவைத்தனர். மேதை கெயின்ஸ் 1913-இலே எழுதிய நூலிலே இந்த முறைக்குப் பாராட்டு வழங்கினார். உலகமே மெச்சிய அந்த மேதையின் கருத்தை மறுத்து எழுதினார், ஒதுக்கப்பட்ட குலத்திலே பிறந்த இளைஞர். அவருடைய மறுப்பு எளியது: இந்த முறையிலே ரூபாயை வெளியிடச் சர்க்காருக்கு வசதி இருக்கிறது, வரம்பு இல்லை. ஆள்பவர்கள் விரும்பும்போது பணத்தைப் பெருக்கலாம். பெருகியது தானாகச் சுருங்க வழியில்லை. வேலியில்லாத பயிரைக் காப்பார் யார்?

அவர் கண்ட மருந்து என்ன? பொதுமக்களுக்கு மூடியது போலவே, ரூபாய் அடிக்கும் சாலையைச் சர்க்காருக்கும் மூடிவிடுங்கள் என்றார். தங்க நாணயம் அடித்துப் புழக்கத்திலே விடுங்கள். ரூபாய்க்கும் அதற்கும் ஒரு விகிதத்தைச் சட்டத்திலே நிலைநிறுத்துங்கள். ரூபாயின் அளவைக் கூட்டாதீர்கள் என்றார். 1925-இலே ஹில்டன் யங் தலைமையிலே அரச நாணயக் கமிஷன் வந்தபோது, அதன் முன் அமர்ந்து இதே கருத்தைச் சாட்சியமாக அளித்தார். ரூபாயின் விலை 16 பென்சா, 18 பென்சா என்று அன்று நாடே இரண்டு பட்டுக் கிடந்தது. பம்பாய் ஆலை அதிபர்கள் 16 வேண்டும் என்றனர். சர்க்கார் 18 என்றது. அம்பேத்கரோ, இது நாட்டின் லாப நட்டம் அல்ல, எந்த வர்க்கத்துக்கு லாபம், எந்த வர்க்கத்துக்கு நட்டம் என்ற வழக்கு என்று திரையை விலக்கிக் காட்டினார்.

உண்மையை உள்ளபடி உரைப்போம். கமிஷன் அவருடைய திட்டத்தை ஏற்கவில்லை. 1927-இலே 18 பென்சு சட்டமாயிற்று. நாட்டுக்கு ஒரு மத்திய வங்கி வேண்டும் என்று கமிஷன் சொன்னது. 1934-இலே சட்டம் வந்து, 1935 ஏப்ரல் 1-ஆம் நாள் ரிசர்வ் வங்கி பிறந்தது. அந்த வங்கியை அம்பேத்கரே கட்டினார் என்று மிகைப்படச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய புகழுக்கு இரவல் நகை தேவையில்லை. தங்கம் என்ற அவருடைய மருந்தும் அந்தக் காலத்து மருந்து. 1931-இலே இங்கிலாந்தே தங்கத்தைக் கைவிட்டது, உலகமும் பின்னர் கைவிட்டது. மருந்து மாறலாம், தோழர்களே. அவர் கண்டுபிடித்துச் சொன்ன நோய் மாறவில்லை.

மாறவில்லை என்பதற்கு அவர் வாழ்நாளிலேயே சான்று வந்தது. அந்தோ, எவ்வளவு கொடிய சான்று! இரண்டாம் உலகப் போர் மூண்டது. இந்தியாவிலே உணவும் துணியும் தளவாடமும் வாங்கியது வெள்ளை ஆட்சி. அதற்குரிய பணத்தைப் பிரிட்டன் லண்டனிலே நம் கணக்கிலே பற்று வைத்தது. அந்தக் காகிதப் பற்றை ஈடாகக் காட்டி, இங்கே ரூபாய் நோட்டை அடித்துக் குவித்தனர். 1939-இலே புழங்கிய நோட்டு ஏறத்தாழ 180 கோடி ரூபாய். 1945-இலே அது 1,100 கோடியைத் தாண்டியது. ஆறு ஆண்டிலே ஆறு மடங்கு! விளைச்சல் ஆறு மடங்காயிற்றா? தறி ஆறு மடங்காயிற்றா? ஆகவில்லை. விளைந்ததிலும் நெய்ததிலும் ஒரு பங்கைப் போர் விழுங்கிற்று. விலை விண்ணை முட்டியது. 1943-இலே வங்கத்திலே பஞ்சம். மாண்டவர் 15 லட்சம் என்றது விசாரணைக் குழு. 30 லட்சம் வரை என்று மதிப்பிட்டவரும் உண்டு. அரிசி விலை பாய்ந்தது, கூலி பாயவில்லை. விவசாயக் கூலிகளும், மீனவரும், சிறு தொழிலாளரும் சாலையோரங்களிலே செத்து விழுந்தனர். அமர்த்திய சென் என்ற பொருளாதார அறிஞர் 1981-இலே எழுதிய நூலிலே, அந்தப் பஞ்சத்திலே கொன்றது அரிசியின் பற்றாக்குறை மட்டுமன்று, கூலிக்கும் அரிசி விலைக்கும் இடையே விழுந்த பள்ளம் என்று நிறுவிக் காட்டினார். 1923-இலே அம்பேத்கர் சுட்டிக்காட்டிய அதே பள்ளம்!

அந்தக் கொடுமையான ஆண்டுகளிலே அம்பேத்கர் எங்கே இருந்தார்? 1936-இலே சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கியவர், 1938-இலே தொழிலாளரின் வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கும் மசோதாவை எதிர்த்துப் பம்பாயிலே போராடியவர், 1942 முதல் வைசிராயின் நிர்வாகக் குழுவிலே தொழிலாளர் துறையை ஏற்றிருந்தார். முதலாளி, தொழிலாளி, சர்க்கார் மூவரும் ஒரே மேசையிலே அமர்ந்து பேசும் முறையை வளர்த்தார். ஆலைகளிலே வாரத்துக்கு 54 மணி என்றிருந்த வேலை நேரம் 1946-இலே 48 மணியாகக் குறைந்தது அவர் துறையிலேதான். உழைப்பின் விலையை அறிந்தவர் கையிலே உழைப்பின் துறை!

பின்னர் நடந்ததெல்லாம் ஊரறிந்த வரலாறு. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் சட்ட அமைச்சர். அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவர். நாணயமும் செலாவணியும் மத்திய அரசுப் பட்டியலிலே 36-ஆவது இனமாக அந்தச் சட்டத்திலே இடம்பெற்றன. எந்த மாநிலத்துக்கும் நோட்டு அடிக்கும் அதிகாரம் கிடையாது. 1951-இலே அமைச்சர் பதவியைத் துறந்தார். 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியிலே லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். அதே ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் மறைந்தார். மறைந்தது உடல், அவர் எழுப்பிய கேள்வி மறையவில்லை.

இன்றைய கணக்கைப் பார்ப்போமா? மக்கள் கையிலுள்ள நோட்டும் நாணயமும், வங்கிகளிலே கிடக்கும் வைப்புத் தொகையும் சேர்த்தால் நாட்டின் மொத்தப் பணம். 2024 மார்ச்சிலே அது ஏறத்தாழ 250 லட்சம் கோடி ரூபாய். அந்த ஓராண்டிலே நாடு உற்பத்தி செய்தவற்றின் மதிப்பு ஏறத்தாழ 300 லட்சம் கோடி. உற்பத்தி 100 என்றால் பணம் 80-க்கு மேல். விடுதலை பெற்ற தொடக்க ஆண்டுகளிலே இது 100-க்கு 25-க்கும் குறைவு.

அய்யோ, பணம் இப்படிப் பெருகிவிட்டதே, நாடு கெட்டது என்று உடனே கூக்குரலிட வேண்டாம். அன்று உழவன் வீட்டிலே கூலி நெல்லாக அளக்கப்பட்டது. இன்று ரூபாயாகக் கொடுக்கப்படுகிறது. அன்று சேமிப்பு அடுக்குப் பானையிலும் காதுத் தோட்டிலும் இருந்தது. 1969-இலே 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாகி, சிற்றூர்களுக்கும் வங்கி வந்த பிறகு, சேமிப்பு வங்கிக் கணக்கிலே ஏறியது. 250 லட்சம் கோடியிலே நோட்டும் நாணயமுமாக மக்கள் கையில் இருந்தது 34 லட்சம் கோடி அளவே. மிச்சமெல்லாம் வங்கி ஏட்டிலே உறங்கும் எழுத்துதான். சந்தையிலே சுற்றும் பணம்தான் விலையைத் துரத்தும். உறங்கும் பணம் துரத்தாது. சீன நாட்டிலே பணம் அந்நாட்டு ஆண்டு உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆயினும் அங்கே விலைவாசி வெடித்துவிடவில்லை. ஆகவே விகிதத்தின் எண்ணை மட்டும் பார்த்து நோயைச் சொல்ல முடியாது. பணம் எந்த வழியாக வந்தது, யார் கைக்கு முதலிலே போனது, பொருள் கூடியதா, கூலி கூடவே நடந்ததா என்று பார்க்க வேண்டும்.

பொருள் கூடாமல் பணம் மட்டும் கூடினால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவிலே போக வேண்டாம். கடல் தாண்டி இலங்கையைப் பாருங்கள். செலவுக்கு வரி போதவில்லை, அந்நியச் செலாவணி கரைந்தது, மத்திய வங்கி பணத்தை அச்சிட்டுத் தந்தது. 2022 செப்டம்பரிலே கொழும்பு விலைவாசி ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட நூற்றுக்கு 70 அளவு உயர்ந்தது. மலையகத் தோட்டத்திலே நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் தமிழ்த் தாயின் கூலி 70 உயர்ந்ததா? அவளைக் கேளுங்கள்!

பணத்தைத் திடீரெனச் சுருக்கினாலும் அடி ஏழைக்குத்தான். 2016 நவம்பர் 8-ஆம் நாள் இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. புழங்கிய நோட்டின் மதிப்பிலே நூற்றுக்கு 86 பங்கு ஒரே இரவிலே சந்தையை விட்டு விலகியது. பெட்டியிலே பணம் இருந்தவனுக்கு ஆயிரம் வழி இருந்தது. வாரக் கூலியை ரொக்கமாக வாங்கி வாழும் தொழிலாளிக்கோ, வங்கி வாசலிலே வரிசை ஒன்றுதான் வழி! பெருக்கினாலும் அவன், சுருக்கினாலும் அவன். அளவு தவறும்போதெல்லாம் அடிபடுபவன் அவன்தான்.

ஆகவேதான் சொல்கிறோம், தோழர்களே: பணத்தின் அளவு பண்டிதரின் பிரச்சினை மட்டுமன்று, அது பாட்டாளியின் பிரச்சினை. 2016-இலே ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, விலைவாசி ஆண்டுக்கு 4 விழுக்காட்டைச் சுற்றி, 2-க்குக் கீழும் 6-க்கு மேலும் போகாமல் காக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். அம்பேத்கர் கேட்ட வேலியின் ஒரு வடிவம் என்றே அதைச் சொல்லலாம். ஆனால் 4 விழுக்காடே ஆண்டுதோறும் ஏறினாலும், மூன்றாண்டிலே 100 ரூபாய்ச் சாமான் 112 ரூபாய்க்கு மேலே போய்விடும். மூன்றாண்டு ஒப்பந்தத்திலே கூலியை 100 என்று கட்டிப் போட்டுவிட்டால், மூன்றாம் ஆண்டின் முடிவிலே அந்தக் கூலி வாங்கும் சாமான் 89 ரூபாய்ச் சாமான்தான். மிச்சம் 11 ரூபாய் எங்கே போயிற்று? யாரும் திருடவில்லை, எவரும் பறிக்கவில்லை, சட்டைப் பையிலே இருந்தபடியே கரைந்து போயிற்று. சந்தைப் பை இளைப்பது ஏன் என்ற இரண்டாம் கேள்விக்கு இதுதான் விடை.

சர்க்கார் ஊழியருக்கு அகவிலைப்படி உண்டு. விலைவாசிக் குறியீடு ஏறினால் படியும் ஏறும். சங்கத்தின் வலிமையால் ஆலைத் தொழிலாளி பெற்ற பஞ்சப்படியும் அதே காப்புத்தான். விலை ஏறினால் கூலி தானாகவே ஏற வேண்டும் என்ற அந்தக் காப்பு, தறியடியிலே நின்று பீஸ் கணக்கிலே கூலி வாங்குபவனுக்கும் முழுமையாக வேண்டாமா? அவன் வயிறு மட்டும் விலைவாசிக்கு விலக்குப் பெற்ற வயிறா?

அடுத்த முறை கூலிப் பேச்சுக்குப் போகும் தோழர்களே! எத்தனை ரூபாய் உயர்வு என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த ரூபாய் இரண்டாம் ஆண்டிலே எவ்வளவு அரிசி வாங்கும், மூன்றாம் ஆண்டிலே எவ்வளவு எண்ணெய் வாங்கும் என்று கேளுங்கள். விலைவாசிக் குறியீட்டை எடுத்து மேசைமேல் வையுங்கள். இது படித்தவர் சமாச்சாரம், உமக்கென்ன தெரியும் என்று எவரேனும் எள்ளினால், எல்லோருக்கும் பொதுவான பானையிலே தண்ணீர் மறுக்கப்பட்ட ஒருவர், லண்டன் நூல் நிலையத்திலே அரை வயிற்றோடு அமர்ந்து, ரூபாயை நிறுத்து, அதன் எடைக் குறைவு யார் தட்டிலே விழுகிறது என்று 1923-இலேயே கண்டு சொன்னார் என்று எடுத்துக் கூறுங்கள்.

அவர் நிறுத்துக் காட்டிய தராசு இன்னும் துருப்பிடிக்கவில்லை. அதைக் கையிலே எடுப்போம். நம் கூலியை நாமே நிறுத்துப் பார்ப்போம்!